புள்ளி வைத்த ஓகே

யாரும் படிக்காத ஒன்றைத் திருத்துவது என் வேலை. கம்ப்யூட்டர் மென்பொருளோடு கூடவே வரும் உதவிக் குறிப்புகள் இருக்கின்றனவே, அவைதான். ஹைதராபாத்தின் மேற்கில், கொண்டாப்பூர் பக்கம் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். பொறியாளர்கள் எழுதி அனுப்புவார்கள். ஒருவர் Okay என்று நீட்டி முழக்குவார். ஒருவர் ok என்று முணுமுணுப்பார். இன்னொருவர் Ok என்று பாதி பெரிதும் பாதி சிறிதுமாக விட்டுவைப்பார். பழைய ஆட்கள் சிலர் O.K. என்று இரண்டு புள்ளி வைப்பார்கள். எங்கள் நிறுவனத்தின் எழுத்து விதிப்படி இரண்டும் பெரிய எழுத்து, புள்ளி கூடாது. OK, அவ்வளவுதான். புள்ளியைக் கண்ட இடத்தில் அழித்துவிடுவேன். இதற்குப் போய் ஒரு ஆளா என்று கேட்பவர்கள் உண்டு.

என் அப்பா அந்த இரண்டு புள்ளிகளை வைத்துப் பிழைத்தவர்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். அங்கே பம்ப்செட் கம்பெனிகளில் வேலை பழகி, கல்யாணமான புதிதில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஹைதராபாத் நாச்சாரத்துக்கு வந்தார். பம்புக்கான இரும்பு வார்ப்படங்கள் செய்யும் நடுத்தரமான ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை என்பதைப் பள்ளிக்கூடத்தில் நான் ஒவ்வொரு வருடமும் விளக்க வேண்டியிருந்தது. வார்த்து, கடைந்து, மேஜைக்கு வரும் ஒவ்வொரு உருப்படியையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் மஞ்சள் கிரேயானால் அதன்மேல் O.K. என்று எழுதுவார். எழுதினால்தான் அது லாரியில் ஏறும்.

புள்ளிகளில் ஒரு கணக்கு இருந்தது. தானே அளந்து திருப்தியானால் இரண்டு புள்ளி. அளவு மயிரிழை தள்ளியிருக்கிறது, இப்போதைக்குப் போகட்டும், ஆனால் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்றால் O-வுக்குப் பின்னால் மட்டும் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் மேலே இருப்பவர்கள் யாராவது வந்து, தேறாத உருப்படியைக் காட்டி, "எழுதிக் கொடுங்கள்" என்று தலைமேல் நிற்பார்கள். அவர்களிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் அப்பா. உடனே எழுதிக் கொடுத்துவிடுவார், புள்ளி இல்லாமல். வந்தவர் சந்தோஷமாகப் போவார். லாரியில் ஏற்றுகிறவருக்கு விஷயம் தெரியும். புள்ளி இல்லாததை ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவார்.

இதைச் சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். "புள்ளி இல்லீனா, அது அவிய கேட்ட ஓகே. என்ற ஓகே இல்ல."

வீட்டில் எதற்கும் சம்மதமாக அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, ஆவட்டும், பாக்கலாம் என்ற மூன்றில் எங்கள் குடும்பம் நடந்தது. என் மதிப்பெண் அட்டையில் மட்டும், கையெழுத்துக்குப் பக்கத்தில், பழக்க தோஷத்தில் எழுதிவிடுவார். பெரும்பாலும் ஒற்றைப் புள்ளி. கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிய வருடமும் ஒற்றைப் புள்ளிதான். நான் அட்டையைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன். "உங்கப்பாகிட்ட ரெண்டு புள்ளி வாங்கோணும்னா நீ பம்பாப் பொறந்திருக்கோணும் கண்ணு," என்றாள். அம்மா இறந்து ஆறு வருடமாகிறது.

இந்த ஊரில் சம்மதம் சொல்ல வழிக்குப் பஞ்சமில்லை. போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளிக் கூடைக்காரர் ஹவ் என்பார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா சரே என்பார், அது நம் சரிக்கு அக்காவோ தங்கையோ. இத்தனை இருந்தும் எல்லாரும் கடைசியில் வந்து விழுவது ஓகேயில்தான். ஆனால் ஆளுக்கு ஒரு அர்த்தம். ஆட்டோக்காரரின் ஓகேக்கு, ஏறுங்கள் என்று பொருள். என் மேலாளரின் ஓகேக்கு, பேசியது போதும் என்று பொருள். டாக்டர் ஓகே என்று இழுத்தால் அடுத்து வருவது நல்ல செய்தியாக இருக்காது. கோயம்புத்தூர் அத்தை ஃபோனில் "ஓகேங்" என்றால் வைத்துவிடப் போகிறாள். வாட்ஸப்பில் வருகிற ஒற்றை K-யில் இருப்பது கோபமா சோம்பலா என்பதை எந்த விதிப் புத்தகமும் சொல்வதில்லை.

அந்தச் சொல்லின் பிறப்பே ஒரு எழுத்துப் பிழை என்று வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன். சூட்டோடு சூடாக அப்பாவிடம் சொன்னேன். "அமெரிக்காவுல பத்திரிகைக்காரங்க வேடிக்கைக்கு ஆல் கரெக்டுங்கிறதத் தப்புத் தப்பா எழுதி, அதச் சுருக்குனதுதானுங்கப்பா ஓகே." அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அப்ப தப்பா எழுதுன வார்த்தைய வெச்சுத்தான் முப்பது வருசமா நான் சரின்னு எழுதீட்டிருந்தனாக்கும்?" என்றார். அன்று சாயங்காலம் வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை, பல் துலக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. வலது கால் பாதி போயிற்று. பேச்சு மொத்தமாகப் போனது. மருத்துவமனையில் ஐந்தாம் நாள் ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. ஓகே. ஆயுசு முழுக்க அவர் இழுத்துப் பிடித்து வைத்திருந்த சொல் அது. அதை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் பக்கவாதம் எடுத்துக்கொண்டது.

தண்ணீர் வேண்டுமா என்றால் ஓகே. வேண்டாமா என்றாலும் ஓகே. ஊசி குத்தும்போது ஓகே. அத்தை ஃபோனில் அழுதபோது ஓகே, ஓகே, ஓகே. கூடவே தலையும் ஆடும். நரம்பு டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். நீங்கள் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது, வாயில் வருவதுதான் அவர் வசத்தில் இல்லை, அந்த ஓகேயை ஆமாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தலையாட்டுவதையும் நம்பாதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அவருடைய இடது கையில் பென்சிலைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னாள். வட்டமும் கோடுமாகக் கிறுக்கினார். படங்களைப் பரப்பி, வேண்டியதன்மேல் விரல் வைக்கச் சொன்னாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். இரண்டு வாரம் போராடிவிட்டு, பொறுமையாக இருங்கள், வரும் என்று சொல்லிப் போனாள். பிறகு யாரும் அவர் கையில் பென்சில் கொடுக்கவில்லை.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தவர்களும் கிடையாது. ஆகவே யாரையும் கேட்காமல் ஒரு பெட்டியோடு நாச்சாரம் வீட்டுக்கு வந்து, அங்கிருந்தே அலுவலக வேலையைப் பார்த்தேன். வாடகைக்கு இருந்த கொண்டாப்பூர் ஃபிளாட் பூட்டியே கிடந்தது. மௌனம் சம்மதம் என்பார்கள். ஒரே ஒரு சொல் தெரிந்த மனிதர் மௌனத்தைவிட வசதி என்பதைச் சில நாட்களிலேயே கண்டுகொண்டேன். எதைக் கேட்டாலும் ஓகே. டாக்டர் சொன்னது மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நினைவில் இருந்தது, ஆனால் அதை எடுத்துப் பார்க்காமல் இருந்தேன்.

முதலில் மீசை. சாப்பிடும்போது கஞ்சி ஒட்டுகிறது, துடைப்பது சிரமம். எடுத்துவிடலாமாப்பா என்றேன். ஓகே என்றார். ஐம்பது வருட மீசையைச் சவரக்காரர் ஐந்து நிமிடத்தில் எடுத்தார். அடுத்து நாற்காலி. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற லாரிகளையும் அவற்றின் சுமையையும் பார்ப்பது அவர் வழக்கம். புழுதி ஆகாது என்று நாற்காலியை உள்ளே எடுத்துப்போட்டேன். அதற்கும் ஓகே. பிறகு அம்மாவின் தையல் மிஷின். சக்கர நாற்காலி திரும்புவதற்கு அது இடைஞ்சலாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்துடலாமா என்று கேட்டபோது அவர் ஓகே, ஓகே என்று இரண்டு முறை சொன்னார். எவ்வளவு தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது மாதம் அலுவலகத்தில், வாரத்துக்கு மூன்று நாள் நேரில் வர வேண்டும் என்றார்கள். நாச்சாரம் ஊரின் கிழக்கு மூலை, கொண்டாப்பூர் மேற்கு மூலை. போய்வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். என் ஃபிளாட் ஒன்பதாவது மாடி. லிஃப்ட் உண்டு, பக்கத்திலேயே மருத்துவமனை உண்டு. அப்பாவை அங்கே கூட்டிப்போய்விட்டு இந்த வீட்டை வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்தேன். அவரிடம் கேட்கவும் செய்தேன்.

"கொண்டாப்பூர் போயிடலாமாப்பா? அங்க உங்களுக்கு எல்லா வசதியும் இருக்குது."

"ஓகே," என்றார்.

"நெசமாலுமே ஓகேதானுங்களா?"

"ஓகே."

இரண்டு முறை கேட்டேன் என்பது எனக்குப் போதுமான திருப்தியாக இருந்தது.

சாமான் கட்டுகிறவர்கள் ஒரு காலை பத்து மணிக்கு வந்தார்கள். இரண்டு பேர். மூத்தவர் பேச்சுக்காரர், உருதும் தெலுங்குமாகக் கலந்து பேசியபடியே வேலை செய்தார். அட்டைப்பெட்டிகளை மடித்து, பாத்திரங்களை அடுக்கி, டேப் ஒட்டி, மேலே கறுப்பு மார்க்கரால் இன்ன பெட்டியில் இன்னது என்று எழுதினார்கள். அப்பாவின் சக்கர நாற்காலியை வழியில் இல்லாமல் ஹாலின் ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். நான் சமையலறையில் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் அப்பாவுக்கு எட்டும் இடத்தில் ஒட்டி முடித்த ஒரு பெட்டி இருந்தது, அதன்மேல் மூடி திறந்த மார்க்கர் கிடந்தது.

மூத்தவர்தான் என்னைக் கூப்பிட்டார். "மேடம், அங்கிள் தேக்கோ. அங்கிள் ஓகே லிக்ரே." அங்கிள் ஓகே எழுதுகிறார் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஓடி வந்து பார்த்தேன். அப்பா இடது கையில் மார்க்கரைப் பிடித்திருந்தார். தன் பெயரை எழுத முடியாத கை. பெட்டியின் மேல் O கோணலாக இருந்தது, K-யின் முதல் கோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது, மற்ற இரண்டையும் அப்போதுதான் போட்டு முடித்தார். அத்தனை வருடம் நாள் முழுக்க எழுதியதை எந்தக் கையானாலும் மறக்காது போலிருக்கிறது. நான் நின்றேன். அவர் மார்க்கரை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

புள்ளி இல்லை.

"புள்ளிங்கப்பா?" என்றேன்.

"ஓகே," என்றார். தலையும் ஆடியது. மார்க்கர் மடியிலிருந்து நகரவில்லை.

விதிப்படி பார்த்தால் அது மிகச் சரியான எழுத்து. இரண்டும் பெரிய எழுத்து, புள்ளி கிடையாது. என் மேஜைக்கு வந்திருந்தால் தொடாமல் அனுப்பியிருப்பேன். அந்தக் காலத்தில் ஓலைச்சுவடி எழுதியவர்கள், ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விடுவார்களாம். படிக்கிறவர்கள்தான் இடம் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு மாதமாக என் அப்பாவை நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தோதான இடத்திலெல்லாம் புள்ளியை நானே வைத்துக்கொண்டேன். அவருடைய தொழிற்சாலையில் மாதக் கடைசியில் வந்து தலைமேல் நின்றவர்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இரண்டு பேருக்கு முன்னால் அழுதுவிடக் கூடாதே என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"நக்கோ பாய்," வேண்டாம் என்றேன் மூத்தவரிடம். "எதுவும் போகல. எல்லாத்தையும் பிரிச்சு வெச்சுடுங்க." தமிழில் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. மறுபடி இந்தியில் சொன்னேன்.

"கைக்கு மேடம்?" ஏன் என்று அவருக்குக் குழப்பம். பெட்டியைக் காட்டினார். "அங்கிள் தோ ஓகே போல்ரே."

என்னவென்று விளக்குவது. அங்கிள் ஓகே சொல்லவில்லை என்றேன். அவர் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று யோசித்திருப்பார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, "ஓகே மேடம்," என்று டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தார்.

அவர்கள் போனதும் ஒரு கட்டு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். நான்கு மாதக் கேள்விகளை முதலிலிருந்து கேட்டேன்.

"மீசைய எடுத்தது உங்களுக்குச் சம்மதமா?" OK. புள்ளி இல்லை.

"நாற்காலிய உள்ள போட்டது?" OK. புள்ளி இல்லை. இதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

"அம்மாவோட தையல் மிஷினக் குடுத்தது?" இதற்கு அவர் எழுதவே இல்லை. தாளை இடது கையால் தள்ளிவிட்டார். தாளை எடுத்து மறுபடி அவர் முன்னால் வைத்து, மிஷினைத் திரும்பக் கேட்டு வாங்கட்டுங்களா என்றேன். O, புள்ளி, K, புள்ளி. ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை.

எல்லாமே தப்பாகப் போய்விடவில்லை. காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவரைக் கண்டாலே அப்பாவுக்கு எரிச்சல் என்று நினைத்து நிறுத்திவிடும் யோசனையில் இருந்தேன். அந்தப் பயிற்சிக்காரருக்கு இரண்டு புள்ளி கிடைத்தது. என் சாம்பாருக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்பது எனக்குத்தான் தர்மசங்கடமாக இருந்தது. கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்க எந்த மொழியிலும் நல்ல வாக்கியம் இல்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. "சரே, தீஸ்கெள்ளம்மா," எடுத்துக்கொண்டு போ என்றுவிட்டு, தான் தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியிலிருந்து விடுவித்தார். மிஷினை அதன் பழைய இடத்திலேயே போட்டேன். சக்கர நாற்காலி திரும்பும்போது இப்போதும் இடிக்கிறது.

அன்று தாளில் கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது. வேறு எதையும்விட அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது.

"அப்பா, அந்த ஃபிளாட்டக் காலி பண்ணீட்டு நான் இங்கயே வந்து உங்ககூட இருக்கட்டுங்களா?"

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மேஜைக்கு வந்த வார்ப்படத்தை அப்படித்தான் பார்த்திருப்பார். O எழுதினார். புள்ளி வைத்தார். K எழுதினார். பேனா K-யின் காலுக்குப் பக்கத்தில் வந்து, தாளைத் தொடாமல் நின்றது. நான் காத்திருந்தேன். அவர் பேனாவை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒற்றைப் புள்ளி. இப்போதைக்குப் போகட்டும், மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்த ஒற்றைப் புள்ளியில்தான் இந்த வீட்டில் குடியிருக்கிறேன். ஏழு மாதமாகிறது. அலுவலகத்தில் மன்றாடி மூன்று நாளை இரண்டாக்கிக்கொண்டேன், அந்த இரண்டு நாளும் பகல்நேர நர்ஸ் ஒருவர் வருகிறார். மீசை முளைத்துவிட்டது, முழுக்க நரை. இரும்பு நாற்காலி கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, சாயங்காலம் அதில் அவரை உட்கார வைக்கிறேன். மாதம் ஒருமுறை, அவர் நல்லபடியாக இருக்கும் பொழுதாகப் பார்த்து, தாளை நீட்டி அதே கேள்வியைக் கேட்கிறேன். O, புள்ளி, K. அதற்குமேல் இன்னும் விழவில்லை.

அலுவலகத்துக்கு யாராவது O.K. என்று எழுதி அனுப்பினால் இப்போதும் அழித்துத்தான் ஆக வேண்டும். முதல் புள்ளியை உடனே அழித்துவிடுகிறேன். இரண்டாவதை அழிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.